வெளியே அனுப்பியவரே வாசலை மறிக்கலாமா? பணிநீக்கமும் போட்டித் தடை ஷரத்தும்

1. ஆய்வுப் பொருளும் சொற்களும்

வேலைக்குச் சேரும் நாளில் கையெழுத்துக்காக நீட்டப்படும் தாள்களுக்கு நடுவே ஒரு பத்தி இருக்கும். நிறுவனத்தை விட்டபின் ஆறு மாதமோ ஓராண்டோ இரண்டாண்டோ, இதே தொழிலில் உள்ள வேறு நிறுவனத்தில் சேரக்கூடாது. இதன் வாடிக்கையாளரிடம் வேலை ஏற்கக்கூடாது. சொந்தமாக இதே தொழிலைத் தொடங்கவும் கூடாது. அலுவலகங்களில் ‘நான்-காம்பீட்’ என்று வழங்கும் இதை இக்கட்டுரை போட்டித் தடை ஷரத்து என்று குறிக்கும். தானாக வேலையை விடுகிறவரை இது கட்டுப்படுத்துமா என்பது பழைய கேள்வி. இங்கே எடுத்துக்கொள்வது அதிலிருந்து கிளைத்த ஒன்று. நிறுவனமே ஒருவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பிறகும் அவர்மேல் அந்தத் தடையை வைத்திருப்பது நியாயமா?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ‘லே-ஆஃப்’ என்றால் வேலை போய்விட்டது என்று பொருள். இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் அதே சொல் தற்காலிகமாக வேலை தர இயலாத நிலையை மட்டுமே குறிக்கிறது. நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, எந்திரம் பழுது. ஆனால் தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் நீடிக்கிறது. பெயரையே நீக்கி அனுப்புவது ஆட்குறைப்பு. மக்கள் லே-ஆஃப் என்று சொல்வது சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் ஆட்குறைப்பே. ஒழுங்கீனத்துக்காக விசாரித்து நீக்கப்பட்டவர்கள் இந்த ஆய்வுக்குள் வரவில்லை. தம் பக்கம் எந்தப் பிழையும் இல்லாமல், நிறுவனத்தின் கணக்குக்காக வேலை இழந்தவர்களைப் பற்றியே இது பேசுகிறது. ஊழியரே எழுதித் தந்ததாக வாங்கப்படும் ராஜினாமாவையும் இதில் சேர்க்கிறேன். இன்று மாலைக்குள் ராஜினாமா கொடுங்கள், இல்லாவிட்டால் நாங்களே நீக்குவோம் என்று கேட்டு வாங்கியது ராஜினாமா ஆகாது.

2. தடையின் பழைய வரலாறு

தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் குறித்த மிகப் பழைய ஆங்கில வழக்கு 1414ஆம் ஆண்டுக்குரியது. ஜான் டையர் என்ற சாயக்காரர் தம் ஊரில் அரையாண்டு காலம் சாயத்தொழில் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். வழக்கு வந்தபோது நீதிபதி ஹல் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று சொன்னதோடு நிற்கவில்லை. அதை எழுதி வாங்கிய வாதி மட்டும் இங்கே இருந்திருந்தால் அரசருக்கு அபராதம் கட்டும்வரை சிறையில் அடைத்திருப்பேன் என்று கொதித்தார். கொள்ளைநோயில் மக்கள்தொகை சரிந்து, உழைக்கும் கைகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தின் நிழல் அந்தக் கோபத்தில் படிந்திருக்கிறது. ஒருவன் தொழில் செய்யாமல் முடங்கினால் ஊருக்கும் நஷ்டம் என்பதை அன்றைய நீதிபதி அறிந்திருந்தார்.

பின்னர் வந்த நூற்றாண்டுகளில் இங்கிலாந்து மெல்ல இளகியது. நியாயமான அளவுக்குள் இருக்கும் தடை செல்லும் என்ற கொள்கை வேரூன்றியது. 1894இல் நார்டன்ஃபெல்ட் வழக்கில், பீரங்கித் தொழிலை விற்ற ஒருவர்மேல் 25 ஆண்டுகளுக்கு உலகம் முழுவதற்குமாகப் போடப்பட்ட தடையைப் பிரபுக்கள் சபை ஏற்றது. ஆனால் அவர் தம் தொழிலை விலைபேசி விற்றவர். தடைக்கான விலை அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கியிருந்தது. சம்பளக்காரரின் நிலை வேறு என்பதை 1916இல் ஹெர்பர்ட் மோரிஸ் வழக்கில் அதே சபை தெளிவாக்கியது. முதலாளியின் ரகசியம் முதலாளிக்குச் சொந்தம். வேலை செய்து செய்து ஊழியரின் கைக்கும் மூளைக்கும் வந்த திறமை ஊழியருக்கே சொந்தம். போட்டி வந்துவிடும் என்ற ஒரே அச்சத்துக்காக ஊழியரைக் கட்டிப்போட முடியாது.

இந்தியா வேறு பாதையில் போனது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சட்டபூர்வமான தொழிலையோ வணிகத்தையோ செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. நியாயமான தடை, நியாயமற்ற தடை என்ற பாகுபாடு அதில் கிடையாது. விதிவிலக்கு ஒன்றே: தொழிலை அதன் நற்பெயரோடு விற்பவர்மேல் போடப்படும் தடை. இந்த வாசகத்தின் மூலம் நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்ட் எழுதிய சட்ட வரைவு. அதே 1872இல் அதே வரைவை அடியொற்றித் தன் சட்டத்தை இயற்றிக்கொண்ட இன்னொரு நிலப்பகுதி கலிபோர்னியா. ஆக, சென்னையில் குறிமுறை எழுதுகிறவருக்கும் சான் ஹோசேயில் குறிமுறை எழுதுகிறவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் பாட்டன் ஒருவரே.

27ஆம் பிரிவு எவ்வளவு கண்டிப்பானது என்பதை இரண்டே ஆண்டுகளில் கல்கத்தா உயர் நீதிமன்றம் காட்டியது. ஒரே வட்டாரத்தில் கடை வைத்திருந்த இரண்டு பித்தளைப் பாத்திர வணிகர்கள். ஒருவர் கடையை மூடினால், அவர் தம் வேலையாட்களுக்குக் கொடுத்திருந்த 900 ரூபாய் முன்பணத்தைத் தாம் தந்துவிடுவதாக மற்றவர் சொன்னார். கடை மூடப்பட்டது, பணம் வரவில்லை. ஒரு வட்டாரத்துக்கு மட்டுமான தடையாயினும் அது தடையே, ஒப்பந்தம் செல்லாது என்று தலைமை நீதிபதி கவுச் 1874இல் தீர்ப்பளித்தார்.

3. ‘விட்டுச் சென்றபின்’: ஒரு சொல்லின் மேல் நின்ற தீர்ப்பு

வெளியேற்றப்பட்டவரின் கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் நேராக வந்தது 1980இல். சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி ஆஃப் இந்தியா எதிர் கிருஷன் முர்காய் என்பது வழக்கு. சரக்குகளின் தரத்தையும் எடையையும் ஆய்ந்து சான்று தரும் நிறுவனம் அது. அதன் டெல்லிக் கிளை மேலாளராக 1971இல் முர்காய் சேர்ந்தார். அவருடைய பணி நிபந்தனைகளில் ஒன்று: நிறுவனத்தை விட்டுச் சென்றபின், கடைசியாகப் பணியாற்றிய ஊரில் இரண்டாண்டுக் காலம் போட்டி நிறுவனத்தில் சேரவோ சொந்தமாக அதே தொழிலை நடத்தவோ கூடாது. சில ஆண்டுகள் கழித்து நிறுவனமே அவருடைய பணியை முடிவுக்குக் கொண்டுவந்தது. அவர் டெல்லியிலேயே அதே தொழிலைத் தொடங்கினார். நிறுவனம் தடையுத்தரவு கேட்டு வழக்குத் தொடுத்தது.

உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளும் ஊழியர் பக்கமே நின்றார்கள். நின்ற இடம்தான் வேறு. நீதிபதி துல்சாபுர்கரும் நீதிபதி உண்ட்வாலியாவும், 27ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்ற பெரிய கேள்விக்குள் போகவில்லை. ஷரத்து செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், ‘விட்டுச் சென்றபின்’ என்ற சொல் தானாக விட்டுப்போகிறவரையே குறிக்கும். நிறுவனம் அனுப்பியவரைக் குறிக்காது என்றார்கள். நீதிபதி ஏ.பி. சென் மட்டும் தனியாக எழுதி, வேலை முடிந்த பிறகான தடை 27ஆம் பிரிவின்கீழ் எப்படியும் செல்லாது என்ற வேர் வரைக்கும் போனார்.

பெரும்பான்மைத் தீர்ப்பில் இயல்பான நியாய உணர்வு இருக்கிறது. சாதாரண மனிதர் யாரைக் கேட்டாலும் விட்டுப்போவதும் துரத்தப்படுவதும் வெவ்வேறு என்றே சொல்வார். ஆனால் அந்த உணர்வை ஒரு சொல்லின் பொருளுக்குள் அடக்கியது பெரிய இழப்பு என்பது என் கணிப்பு. சொல்லைக் கொண்டு கட்டிய பாதுகாப்பை இன்னொரு சொல்லைக் கொண்டே உடைத்துவிடலாம். இன்றைய பணி ஒப்பந்தங்களைப் பாருங்கள். ‘விட்டுச் சென்றபின்’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘எக்காரணத்தால், யாரால் பணி முடிவுக்கு வந்தாலும்’ என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதிய தாளின் முன் பெரும்பான்மையின் காரணம் உதவாது. நீதிபதி சென்னின் காரணம் மட்டுமே உதவும்.

பிந்தைய தீர்ப்புகள் அவர் வழியிலேயே நடந்தன என்பது ஆறுதல். கிரிக்கெட் வீரர் ஜாகிர் கான் சம்பந்தப்பட்ட 2006ஆம் ஆண்டு வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்தபின் நீளும் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை செல்லும் என்பது 1967ஆம் ஆண்டின் கோலிகாரி வழக்கு முதல் நிலைத்த சட்டம். இதனால் ஒரு விநோதம் நேர்ந்திருக்கிறது. எல்லாருக்கும் செல்லாது என்று சொல்லியாயிற்று என்பதால், வெளியேற்றப்பட்டவருக்கென்று தனியாக நியாயம் பேச வேண்டிய தேவை நம் நீதிமன்றங்களுக்கு ஏற்படவே இல்லை. கேள்விக்கு விடை வந்தது. விடைக்கான காரணம் வரவில்லை. அந்தக் காரணத்தைத் தேடுவதே அடுத்த பகுதி.

4. நியாயத்தை எடைபோடுதல்

போட்டித் தடையை ஆதரிப்பவர்கள் சொல்லும் நல்ல வாதம் ஒன்று உண்டு. அதைப் பலவீனமாக்காமல் முதலில் எடுத்து வைக்க வேண்டும். நிறுவனம் ஒருவருக்குப் பயிற்சி தருகிறது, வாடிக்கையாளரிடம் அறிமுகம் செய்துவைக்கிறது, விலைக் கணக்கையும் தொழில்நுட்பத்தையும் காட்டுகிறது. நாளை அவர் அதை எல்லாம் எடுத்துக்கொண்டு எதிரணிக்குப் போய்விடுவார் என்றால் எந்த நிறுவனம் மனம் திறந்து கற்றுக்கொடுக்கும்? தடை இருந்தால்தான் நம்பிக்கை வரும். நம்பிக்கை வந்தால்தான் பயிற்சி வரும்.

இந்த வாதத்தின் உள்ளே என்ன இருக்கிறது? விட்டுப்போக நினைப்பவரைத் தயங்கவைப்பதே தடையின் வேலை. போனால் ஓராண்டு சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் போக யோசிப்பார். அப்படியானால், போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வாய்ப்பே இல்லாதவரிடம் இந்தத் தடைக்கு என்ன வேலை? ஆட்குறைப்புப் பட்டியலில் பெயர் வந்தவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தானாக விலகுகிறவர் நாள் பார்த்து விலகுகிறார். கையில் சேமிப்பு வைத்துக்கொள்கிறார். தடைக்கு உட்படாத வேலையை முன்கூட்டியே தேடிவைக்கிறார். வெளியேற்றப்பட்டவருக்கு அந்த நாளை நிறுவனம் குறிக்கிறது. வீட்டுக்கடன் தவணை மட்டும் வழக்கமான தேதியில் வருகிறது. தயங்கவைப்பதற்காகச் செய்த கருவி அவர்மேல் பாயும்போது தண்டனையாகவே மாறிவிடுகிறது, அதுவும் குற்றம் இல்லாத தண்டனை.

அடுத்தது, நிறுவனத்தின் இரண்டு பேச்சுகளுக்கு இடையே உள்ள முரண். உங்கள் உழைப்பு எங்களுக்குத் தேவையில்லை என்கிறது பணிநீக்கக் கடிதம். உங்கள் உழைப்பு வேறொருவர் கைக்குப் போனால் எங்களுக்கு ஆபத்து என்கிறது அதனோடு இணைத்த ஷரத்து. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995இல் இந்த முரணைத் தொட்டது. வெப்பக்காப்புப் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்று, சரியாக வேலை செய்யவில்லை என்று ஓர் அதிகாரியை நீக்கிவிட்டு, அவர் போட்டி நிறுவனத்தில் சேர்ந்ததைத் தடுக்க வந்தது. ஒருவரால் பயனில்லை என்று நிறுவனமே முடிவுசெய்துவிட்டால், அவரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் தேவையும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்றது நீதிமன்றம்.

இந்தத் தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஆட்குறைப்புக்கு இது முழுமையாகப் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்குறைப்பில் போகிறவர் பயனற்றவர் என்று பொருள் இல்லை. மிகத் திறமையானவர், அதனாலேயே சம்பளம் கூடியவர், அதனாலேயே பட்டியலில் முதலில் வந்தவர் என்பது நாம் அடிக்கடி காணும் நிலை. அவரிடம் உண்மையிலேயே நிறுவனத்தின் ரகசியங்கள் இருக்கலாம். தன்னைச் சுமக்கும் மனிதர் தானாகப் போனாரா, அனுப்பப்பட்டாரா என்று ரகசியத்துக்குத் தெரியாது. இரண்டு நிலையிலும் கசிவின் ஆபத்து ஒன்றே. எதிர்த்தரப்பின் மிக வலுவான கேள்வி இதுதான்.

என் பதில் இரண்டு படிகளில் வருகிறது. ரகசியத்தைக் காக்க ரகசியக் காப்பு ஷரத்து இருக்கிறது. அது பணிநீக்கத்துக்குப் பின்னும் செல்லும், செல்லவும் வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலையோ மூலக் குறிமுறையையோ நகலெடுத்துச் சென்றவர்மேல் வழக்குத் தொடுக்க எந்தத் தடையும் இல்லை. இந்தியாவுக்கு வணிக ரகசியங்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289ஆம் அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறது. அந்தத் தேவையை நானும் ஏற்கிறேன். ரகசியத்தைப் பூட்டுவது ஒன்று, மனிதரைப் பூட்டுவது வேறொன்று. இரண்டாவது படி: ரகசியக் காப்பு போதாது, அவர் எந்தப் போட்டியாளரிடமும் இருக்கவே கூடாது என்று நிறுவனம் கருதினால், அந்தப் பாதுகாப்பின் செலவை யார் ஏற்பது? பிரிவைத் தேர்ந்தெடுத்தது நிறுவனம். அதனால் செலவு குறையப்போவது நிறுவனத்துக்கு. பாதுகாப்பும் நிறுவனத்துக்கே. பலன் முழுவதையும் ஒருவர் எடுத்துக்கொண்டு விலையை மட்டும் வேலையிழந்தவரின் அடுப்பின்மேல் வைப்பதை நியாயம் என்று சொல்ல எந்த அளவுகோலும் இல்லை.

அந்த விலை எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வகுத்து, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் பின்பற்றிய ஆட்குறைப்பு இழப்பீடு, நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். ஆறாண்டு பணியாற்றியவருக்கு 90 நாள் சம்பளம் கிடைக்கும். ஓராண்டுத் தடையை அந்த இழப்பீட்டைக் கொண்டே தாண்ட வேண்டுமானால் அவர் சுமார் 24 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். சட்டத்தின் பொருளில் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வராத மேற்பார்வையாளருக்கும் மேலாளருக்கும் இந்த இழப்பீட்டு உரிமையும் இல்லை.

தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த இன்னொரு பிரிவும் நம் கவனத்துக்குரியது. ஆட்குறைப்பு செய்த நிறுவனம் மறுபடி ஆள் எடுக்கும்போது, அனுப்பப்பட்டவர்களுக்கே முதல் வாய்ப்புத் தரவேண்டும் என்றது 25எச் பிரிவு. அதாவது, பிரிவுக்குப் பின்னும் இருவருக்குமிடையே ஒரு கயிறு நீள்கிறது என்று அந்தச் சட்டம் கருதியது. ஆனால் கயிற்றின் முனையைத் தொழிலாளியின் கையில் கொடுத்திருந்தது. கடமைப்பட்டவர் அனுப்பியவரே. போட்டித் தடை ஷரத்து அந்தக் கயிற்றைப் பிடுங்கித் தொழிலாளியின் காலில் கட்டுகிறது. தொழிலாளர் சட்டம் போகும் திசைக்கு நேர் எதிரான திசை இது.

5. பிற நாடுகள் கண்ட விடைகள்

தடையை ஏற்கும் நாடுகள்கூட வெளியேற்றப்பட்டவரைத் தனியாகப் பார்த்திருக்கின்றன. அவற்றுள் ஜெர்மனியின் விடையே தெளிவானது. அங்கே தடை அதிகபட்சம் இரண்டாண்டுகள். தடைக் காலம் முழுவதும் கடைசிச் சம்பளத்தில் குறைந்தது பாதியை நிறுவனம் தரவேண்டும். இது தானாக விலகுகிறவருக்கு. ஊழியரிடம் தக்க காரணம் ஏதும் இல்லாமல் நிறுவனமே பணியை முடித்தால், ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து ஊழியர் தடையிலிருந்து விடுபடலாம். அவரை விடக்கூடாது என்று நிறுவனம் நினைத்தால் ஒரே வழிதான்: பணியை முடிக்கும்போதே, தடைக் காலத்துக்கு முழுச் சம்பளம் தர முன்வர வேண்டும். வணிகச் சட்டத்தொகுப்பின் 75ஆம் பிரிவு இது. பாதுகாப்பு வேண்டுமா, விலையைக் கொடு என்பதைவிட நேர்மையாக இதைச் சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தோ இன்னும் எளிமை: ஊழியர் தரப்பில் நியாயமான காரணம் இல்லாமல் நிறுவனம் நீக்கினால் தடை அத்தோடு தீர்ந்தது.

இங்கிலாந்தின் விடை அரைகுறையானது. 1909இல் ஜெனரல் பில்போஸ்டிங் வழக்கில், உரிய முன்னறிவிப்பு தராமல் ஒப்பந்தத்தை மீறி நீக்கப்பட்ட மேலாளர், தடையிலிருந்தும் விடுபட்டார் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தை உடைத்தவர் அதே ஒப்பந்தத்தின் பலனைக் கேட்க முடியாது என்பது காரணம். ஆனால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துச் செய்யும் ஆட்குறைப்பு ஒப்பந்த மீறல் அல்லவே. விதிப்படி வெளியேற்றப்பட்டவருக்கு இந்தத் தீர்ப்பில் நிழல் இல்லை.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது. நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979இல் மெரில் லிஞ்ச் வழக்கில், காரணமின்றி அனுப்பப்பட்ட ஊழியர்கள் போட்டி நிறுவனத்தில் சேர்ந்ததற்காக அவர்களுடைய ஓய்வூதியப் பலனைப் பறிப்பது நியாயமற்றது என்றது. மாசசூசெட்ஸ் 2018இல் இயற்றிய சட்டம், காரணமின்றி நீக்கப்பட்டவர்மேலும் ஆட்குறைப்பில் போனவர்மேலும் தடையை அமலாக்கவே முடியாது என்று எழுத்தில் சொல்லிவிட்டது. 2020இல் நடைமுறைக்கு வந்த வாஷிங்டன் மாநிலச் சட்டம், ஆட்குறைப்பில் போனவர்மேல் தடை வேண்டுமானால் தடைக் காலம் முழுவதும் அடிப்படைச் சம்பளத்தைத் தரச் சொன்னது. இடையில் வேறு வேலையில் ஈட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். நாடு முழுவதற்கும் ஒரே தடைநீக்கம் கொண்டுவரக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 ஏப்ரலில் விதி வெளியிட்டது. ஐந்தில் ஓர் அமெரிக்கத் தொழிலாளி, அதாவது சுமார் 3 கோடிப் பேர், இத்தகைய ஷரத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதாக அது மதிப்பிட்டது. அந்த விதி நடைமுறைக்கு வருமுன்பே டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஆகஸ்டில் அதை ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் ஆணையமும் மேல்முறையீட்டைக் கைவிட்டது.

நமக்கு மிக வேண்டிய பாடம் நம் சட்டத்தின் உடன்பிறப்பான கலிபோர்னியாவிடம் இருக்கிறது. அங்கும் இத்தகைய ஷரத்து 1872 முதலே செல்லாது. ஆனாலும் நிறுவனங்கள் எழுதிக்கொண்டே இருந்தன. செல்லாது என்று சொன்னால் மட்டும் போதவில்லை என்று கண்ட அந்த மாநிலம், அப்படி எழுதுவதையே 2024 ஜனவரி 1 முதல் சட்டவிரோதமாக்கியது. பழைய ஊழியர்களுக்கும் கடிதம் எழுதி, உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்து செல்லாது என்று பிப்ரவரி 14க்குள் தெரிவிக்கும்படி நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது.

6. செல்லாத ஷரத்தின் செல்வாக்கு

இந்தியாவின் நிலையோ, கலிபோர்னியா விழித்துக்கொள்வதற்கு முன்பிருந்த நிலை. செல்லாத ஷரத்தை எழுதுவதற்கு இங்கே அபராதம் இல்லை, கண்டனம்கூட இல்லை. எழுதினால் ஒருவேளை ஊழியர் பயந்துகொள்ளலாம். எழுதாமல் விட்டால் எந்தப் பலனும் இல்லை. ஆகவே எழுதுகிறார்கள். 2022 ஏப்ரலில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் வேலைவாய்ப்புக் கடிதத்தில் இருந்த ஷரத்து பொதுவெளியில் விவாதமானது. கடைசி 12 மாதங்களில் யாருக்காக வேலை செய்தாரோ அந்த வாடிக்கையாளரிடம் ஆறு மாதத்துக்குச் சேரக்கூடாது, டி.சி.எஸ்., அக்சென்ச்சர், ஐ.பி.எம்., காக்னிசன்ட், விப்ரோ ஆகிய நிறுவனங்களில் அதே வாடிக்கையாளருக்கான வேலையிலும் சேரக்கூடாது. புனேயில் இயங்கும் நைட்ஸ் என்ற தகவல் தொழில்நுட்ப ஊழியர் அமைப்பு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் முறையிட்டது. இன்னொரு பக்கம், 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, ஏறத்தாழ 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. தடைகள் எழுதப்படும் துறையும் ஆட்கள் குறைக்கப்படும் துறையும் ஒன்றே என்பதைக் காட்டவே இவ்விரண்டையும் அருகருகே வைக்கிறேன்.

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் சோதனையாளர் என்று வைத்துக்கொள்வோம். எட்டாண்டுகளாக ஒரே வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளைச் சோதித்தவர். அவருடைய திறமை முழுவதும் அந்த ஒரு வகைக் காப்பீட்டு நடைமுறையில் ஊறியது. அந்த வாடிக்கையாளரும் அதற்கு வேலை செய்யும் மற்ற நிறுவனங்களும் அவருக்கு மூடப்பட்டால், அவருக்குத் தெரிந்த தொழிலே மூடப்பட்டது என்று பொருள். சோதனை வேலை எங்கும் கிடைக்குமே என்று சொல்வது எளிது. நாற்பது வயதில், ஊரே ஆளைக் குறைக்கும் பருவத்தில், புதிய துறையில் இளையவரோடு நின்று நேர்காணலுக்குப் போனவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

செல்லாத தாள் அவரை எப்படிக் கட்டுகிறது? பணியிலிருந்து விடுவித்ததற்குச் சான்றான ரிலீவிங் லெட்டர் வழியாக. அது இல்லாமல் அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பைத் தாண்ட முடியாது. அதோடு கணக்குத் தீர்ப்புத் தொகையும் நிறுவனத்தின் கையில். நண்பர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய பிரிவு ஒப்பந்தத்தில், இரண்டு மாதக் கூடுதல் சம்பளத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஓராண்டுத் தடை புதிதாக முளைத்திருந்தது. சேரும்போது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அது இல்லை. அவரிடம் யோசிக்க மூன்று நாள் இருந்தது. அவர் கையெழுத்திட்டார். அவரிடத்தில் நானும் அதையே செய்திருப்பேன்.

நீதிமன்றம் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வழக்கைக் காட்டலாம். அரசின் ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியான போஷன் டிராக்கர் பணியில் இருந்த ஒரு மென்பொருள் பொறியாளர், தம் நிறுவனத்திலிருந்து விலகி, அந்தப் பணியின் உரிமையாளரான டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷனிலேயே சேர்ந்தார். மூன்றாண்டுத் தடையைக் காட்டி நிறுவனம் கேட்டபோது கீழமை நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. 2025 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம் 27ஆம் பிரிவைச் சுட்டி அதை நீக்கியது. முடிவு சரி. ஆனால் 150 ஆண்டுப் பழைய, ஐயத்துக்கு இடமில்லாத சட்டம் இருந்தும், ஓர் ஊழியர் உயர் நீதிமன்றம் வரை ஏறித்தான் அதைப் பெற முடிந்தது. இத்தனைக்கும் அவர் தானாக விலகியவர்; கையில் வேலை இருந்தவர். ஆட்குறைப்பில் போனவருக்கு வழக்கறிஞர் கட்டணம் எங்கிருந்து வரும்?

2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்ற பாண்ட் செல்லும் என்றது. இதைக் காட்டி, போட்டித் தடையும் இனிச் செல்லும் என்று ஊழியரிடம் சொல்வோர் உண்டு. அது தவறான வாசிப்பு. அந்த ஷரத்து பணிக்காலத்தைப் பற்றியது. பணி முடிந்தபின் எங்கும் போகக்கூடாது என்று அது சொல்லவில்லை. தாமாகவே விலகியவர் வழக்கு அது என்பதும் மறக்கக்கூடாதது.

7. செய்ய வேண்டியது

27ஆம் பிரிவைத் தளர்த்தி, நியாயமான தடைகளை அனுமதிக்கலாம் என்று சட்ட ஆணையம் 1958இல் தன் 13ஆம் அறிக்கையிலேயே சொன்னது. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை, ஏற்காதது நல்லதே. இனி எப்போதாவது அந்தப் பேச்சு மறுபடி எழுந்தால், ஆட்குறைப்பில் போனவரை விலக்கியே அது தொடங்க வேண்டும். அவருக்கு ஜெர்மனியின் விதிக்குக் குறைந்த எதையும் ஏற்கக் கூடாது: முழுச் சம்பளம், அல்லது முழு விடுதலை.

அதைவிட அவசரமானது வேறு. செல்லாத ஷரத்தை எழுதுவதும், அதைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதும், அதற்காக ரிலீவிங் லெட்டரை நிறுத்துவதும் தண்டனைக்குரியதாக வேண்டும். இதற்கு டெல்லியை மட்டும் எதிர்பார்க்கத் தேவையில்லை. ஒப்பந்தமும் தொழிலாளர் நலனும் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதம் பணியாற்றியவரைத் தக்க காரணமின்றியும் ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ இன்றியும் நீக்கக்கூடாது என்று தன் 41ஆம் பிரிவில் சொல்கிறது. நீக்கப்பட்டவர்மேல் எந்தத் தொழில் தடையும் போடக்கூடாது, போட்டால் அபராதம் என்று அந்தப் பிரிவை அடுத்து ஒரு பிரிவைச் சேர்க்கத் தமிழ்நாடு சட்டமன்றம் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நாள் வரும்வரை, இதைப் படிக்கும் ஊழியர்களுக்கு: பணிநீக்கக் கடிதத்தோடு ஒரு பிரிவு ஒப்பந்தம் நீட்டப்பட்டால், அதில் போட்டித் தடைப் பத்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதை நீக்கித் தரும்படி மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால், கையெழுத்திடும் முன் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டவர்கள் அந்தப் பத்திக்காக வந்த வேலையை மறுத்துவிடாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது.